கோடிட்ட இடத்துல ஒரே ஒரு வார்த்தை: அட்வான்ஸ்ட் இங்கிலீஷ் பரீட்சை நம்ம மூளைக்குள்ள எதைத் தேடுது?

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் ____". படிச்ச உடனே "வேறு"ன்னு வந்திருக்கும், யோசிச்சிருக்கவே மாட்டீங்க. சரி இன்னொண்ணு, "அவனுக்கு ரெண்டு நாளா சளி ____"ன்னா "பிடிச்சிருக்கு", "காய்ச்சல் ____"ன்னா "அடிக்குது". சளி ஏன் பிடிக்குது, காய்ச்சல் ஏன் அடிக்குதுன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது, எந்த தமிழ் வாத்தியாரும் இதை கிளாஸ்ல உக்கார வச்சு சொல்லித்தரல, ஆனா யாராவது "எனக்கு சளி அடிக்குது"ன்னு சொன்னா அடுத்த நொடியே இவருக்கு தமிழ் தாய்மொழி இல்ல போலன்னு தெரிஞ்சிடும்.

கேம்பிரிட்ஜ் நடத்துற சி1 அட்வான்ஸ்ட் பரீட்சையில ரெண்டாவது பகுதி அச்சு அசலா இதேதான். சின்ன பத்தி ஒண்ணு, அதுல 8 கோடிட்ட இடம், ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு வார்த்தை, ஏ பி சி டின்னு ஆப்ஷன் எதுவும் கிடையாது. 1991ல ஆரம்பிச்ச பரீட்சை இது, ரீடிங்கும் கிராமரும் சேர்ந்த பேப்பருக்கு 90 நிமிஷம், 8 பகுதி, 56 கேள்வி. நான் முதல் தடவை வீட்ல உக்காந்து மாடல் பேப்பர் போட்டப்போ இந்த 8ல எனக்கு கிடைச்சது 3. மூணே மூணு. அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா ஒரு கோடு போட்ட நோட்டு நிறைய "யுபிக்விட்டஸ்", "மெட்டிகுலஸ்"னு பெரிய பெரிய வார்த்தையா எழுதி மூணு கலர்ல ஹைலைட் பண்ணி வச்சிருந்தேன், அதுல ஒண்ணு கூட வரல. விடையெல்லாம் "ஆன்", "டிட்", "விச்", "தோ" மாதிரி எல்கேஜி வார்த்தைங்க. கடுப்பு தாங்கல.

உதாரணத்துக்கு "லிட்டில் ____ ஹி நோ தட் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ் வேர் வெயிட்டிங்". விடை "டிட்". லிட்டில்னு எதிர்மறை அர்த்தத்துல ஒரு வார்த்தையை வாக்கியத்தோட தலைல தூக்கி வச்சா அதுக்கப்புறம் கேள்வி கேக்குற மாதிரி வரிசை மாறும்னு ரூல் இருக்கு, எனக்கு அந்த ரூல் நல்லாவே தெரியும், நோட்டுல 14வது பக்கத்துல எழுதியே வச்சிருக்கேன். ஆனா அந்த இடத்துல கை எழுதினது "டஸ்". அப்போ ரூல் தெரியுறது ஒரு விஷயம், வாக்கியம் ஓடும்போதே அடுத்து என்ன வரும்னு மூளை தானா முந்திக்கிட்டு போறது வேற விஷயம், பரீட்சை தேடுறது ரெண்டாவதை.

இந்த கோடிட்ட இடம் டெக்னிக்குக்கு க்ளோஸ் டெஸ்ட்னு பேரு, 1953ல வில்சன் டெய்லர்ங்கிறவர் இதழியல் ஆராய்ச்சிக்காக கொண்டு வந்தது. வேடிக்கை என்னன்னா அவர் அதை மனுஷங்களை அளக்கவே உருவாக்கல, ஒரு கட்டுரை படிக்கறதுக்கு எவ்வளவு சுலபமா இருக்குன்னு அளக்கத்தான் உருவாக்கினார். கட்டுரைல இத்தனை வார்த்தைக்கு ஒண்ணுன்னு அடிச்சிட்டு வாசகர்கள்கிட்ட குடுப்பாரு, நிறைய பேர் சரியா நிரப்பினா அது சுலபமான எழுத்து. அப்புறம்தான் மொழி வாத்தியாருங்க தராசை திருப்பிப் போட்டாங்க, எழுத்தை அப்படியே வச்சுக்கிட்டு ஆளை மாத்தினா ஆளோட மொழித்திறன் தெரிஞ்சிடுமேன்னு.

அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி, 1951ல, தகவல் கோட்பாட்டோட தந்தைன்னு சொல்ற க்ளாட் ஷானன் இதைவிட கறாரா ஒரு சோதனை பண்ணாரு. ஒருத்தர்கிட்ட இங்கிலீஷ் வாக்கியத்தை காட்டாம, முதல் எழுத்துல இருந்து அடுத்து என்ன எழுத்துன்னு ஒவ்வொண்ணா ஊகிக்க சொன்னாரு, தப்பா சொன்னா சரியான எழுத்தை சொல்லிட்டு அடுத்ததுக்கு போறது. மொத்தம் 129 எழுத்துல 89 எழுத்தை அந்த ஆள் சரியா ஊகிச்சிட்டாரு, 69 சதவீதம். அதாவது அந்த மொழில ஊறினவங்களுக்கு எழுதியிருக்குறதுல பெரும்பகுதி புது தகவலே கிடையாது, முன்னாடியே தெரிஞ்சதுதான். நாம தமிழ் பேப்பரை ரெண்டு நிமிஷத்துல மேஞ்சிட்டு தூக்கிப் போடுறதும் இதனாலதான்.

சரி இந்த ஊகிக்கிற திறமை எங்க இருந்து வருது? வார்த்தைங்க தனித்தனியா மூளைல அடுக்கி வச்சிருக்கல, கூட்டாளியோட சேர்ந்துதான் இருக்கு. "ஒரு வார்த்தையை அதோட சகவாசத்தை வச்சுதான் அறியணும்"ங்கிற பொருள்ல ஜே.ஆர். ஃபிர்த்னு ஒரு பிரிட்டிஷ் மொழியியலாளர் 1957ல எழுதினாரு. நமக்கு மழை பெய்யும், மின்னல் வெட்டும், பல்லு கூசும், கால் மரத்துப்போகும். இங்கிலீஷ்லயும் சளியை "கேட்ச்" பண்றாங்க, ஆனா கவனிங்க, தமிழ்ல சளி நம்மளை பிடிக்குது, இங்கிலீஷ்ல நாம போய் சளியை பிடிக்கிறோம். காய்ச்சலுக்கு அவங்க "ரன் எ டெம்பரேச்சர்"ம்பாங்க, ஓடுறதுக்கும் உடம்பு சூட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கக்கூடாது, நாம மட்டும் காய்ச்சலை அடிக்க விடலையா.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. ஒரே சமயத்துல மனசுல பிடிச்சு வச்சுக்கிற இடம் ரொம்ப சின்னது, சுமார் நாலு உருப்படிதான் நிக்கும்னு உளவியலாளர் நெல்சன் கோவன் 2001ல கணக்கு சொன்னாரு. இங்கிலீஷ் பேசுறவங்க சாதாரணமா நொடிக்கு ரெண்டு மூணு வார்த்தை பேசுவாங்க, "ஆன்", "அக்கவுண்ட்", "ஆஃப்"னு மூணா பிரிச்சு வாங்கினா நாலுல மூணு சீட்டு நிரம்பிடும், "ஆன் அக்கவுண்ட் ஆஃப்"னு ஒரே துண்டா வாங்கினா ஒரு சீட்டுதான் போகும். அதனால நோட்டுல தனி வார்த்தையா எழுதறதை நிறுத்திட்டு துண்டு துண்டா எழுத ஆரம்பிச்சேன், "டிசிஷன்"னு எழுதாம "கம் டு எ டிசிஷன்"னு. அடுத்த மாடல் பேப்பர்லயே மார்க் ஏறிச்சுன்னு சொல்ல ஆசைதான், ஏறல. ஏன்னா எழுதி வச்சதை நான் செஞ்சது ஒரே ஒரு வேலைதான், திரும்பத் திரும்ப படிச்சேன்.

இங்கதான் எனக்கு ரொம்ப பிடிச்ச ஆராய்ச்சி வருது. 2006ல அமெரிக்காவுல ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்களுக்கு சின்ன சின்ன பத்தி குடுத்து படிக்க வச்சாங்க, ஒண்ணு சூரியனைப் பத்தி, இன்னொண்ணு கடல் நீர்நாயைப் பத்தி, இதை எங்க இருந்து எடுத்தாங்கன்னா டோஃபல் இங்கிலீஷ் பரீட்சைக்கான ஒரு தயாரிப்பு புத்தகத்துல இருந்து! ஒவ்வொருத்தரும் ஒரு பத்தியை இன்னொரு தடவை படிச்சாங்க, இன்னொரு பத்தியை மூடி வச்சிட்டு ஞாபகம் இருக்குறதை வெள்ளைத்தாள்ல எழுதினாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா ரெண்டு தடவை படிச்ச பத்திதான் முன்னாடி, 81 சதவீதம், மூடி வச்சு எழுதினது 75. இன்னொரு குழுவுக்கு ஒரு வாரம் கழிச்சு அதே டெஸ்ட், நிலைமை தலைகீழ், படிச்சது 42, எழுதினது 56.

இந்த நாலு நம்பரை நல்லா பாருங்க, நம்ம ஏமாற்றம் மொத்தமும் இதுக்குள்ள இருக்கு. திரும்ப படிக்கும்போது எல்லாம் பழகின முகமா தெரியும், "ஓ இது தெரியுமே"ன்னு மூளை தலையாட்டும், அந்த தலையாட்டலை நாம கத்துக்கிட்டோம்னு எடுத்துக்குறோம். ஆனா பரீட்சையில முகத்தை காட்டி பேரு கேக்க மாட்டாங்க, முகத்தையும் நாமதான் வரவழைக்கணும். தெருவுல பாத்தா அடையாளம் தெரியுற ஆளோட மூஞ்சியை வெறும் பேப்பர்ல வரையச் சொன்னா கை நிக்கும்ல, அந்த மாதிரி. மூடி வச்சு தேடி எடுக்கும்போது கொஞ்சம் வலிக்கும், தப்பு வரும், அந்த தேடுற பாதைதான் பலப்படுது.

மூடி வச்சு எழுதறதை எப்போ எப்போ செய்யணும்ங்கிறதுக்கு ரொம்ப பழைய ஆளு ஒருத்தர் இருக்காரு, ஹெர்மன் எப்பிங்ஹாஸ், ஜெர்மன்காரர். தன்னைத்தானே எலியாக்கி, அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி, எவ்வளவு நேரத்துல எவ்வளவு மறக்குதுன்னு அளந்து 1885ல வெளியிட்டாரு. அவர் அளந்த விதம் அழகு, மறந்ததை திரும்ப மனப்பாடம் பண்ண முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாச்சுன்னு பாத்தாரு. 20 நிமிஷம் கழிச்சு 58 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரத்துல 44, ஒரு நாளைக்கு அப்புறம் மூணுல ஒரு பங்கு, ஆனா 31 நாள் கழிச்சும் 21 இருந்துச்சு. முதல் நாள்ல சடார்னு விழுந்துட்டு அப்புறம் மெதுவா இறங்குது. அதனால முதல் திரும்பிப்பாக்குறது சீக்கிரம் வரணும், அதுக்கப்புறம் இடைவெளியை நீட்டிக்கிட்டே போகலாம். இதை 1972ல செபாஸ்டியன் லைட்னர்னு இன்னொருத்தர் அட்டைப்பெட்டியா மாத்தினாரு, துண்டு அட்டைல கேள்வி, பின்னாடி விடை, சரியா சொன்னா அடுத்த டப்பாவுக்கு போகும், தப்பா சொன்னா திரும்ப முதல் டப்பா, பின்னாடி டப்பாவை அப்பப்போதான் திறக்கணும். நான் இதுக்கு மூணு காலி ஸ்வீட் டப்பா எடுத்துக்கிட்டேன், அட்டையோட ஒரு பக்கம் கோடிட்ட வாக்கியம், இன்னொரு பக்கம் விடை, அவ்வளவுதான். போன் ஆப்லயும் பண்ணலாம், எனக்கு போனை எடுத்தா வேற எங்கயோ போயிடும்.

லிசனிங் பக்கம் வருவோம், இது வேற மாதிரி வம்பு. சி1ல 30 கேள்வி, சுமார் 40 நிமிஷம், ஒவ்வொரு ஆடியோவையும் ரெண்டு தடவை போடுவாங்க (ஐஇஎல்டிஎஸ்ங்கிற இன்னொரு இங்கிலீஷ் பரீட்சையில ஒரே தடவைதான், அவங்க கொஞ்சம் கல் நெஞ்சக்காரங்க). இங்க முதல் பிரச்சனை, புத்தகத்துல இருக்குற வார்த்தை காதுல வர்றதில்ல. "ஐ ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்"னு எழுதியிருக்கும், பேசும்போது "ஐ ஷுடவ் டோல்டிம்"னு ஓடிடும். இதுல அதிர்ச்சியாக ஒண்ணுமில்ல, "வந்து கொண்டு இருக்கிறேன்"னு புத்தகத்துல தமிழ் படிச்ச ஒரு வெளிநாட்டுக்காரர் சென்னைல இறங்கி "வந்துட்டிருக்கேன்"னு கேட்டா அவரும் இதே மாதிரிதான் முழிப்பாரு. இங்கிலீஷ்காரங்க காது அழுத்தமான அசை எங்க வருதோ அங்க புது வார்த்தை ஆரம்பிக்குதுன்னு வெட்டிக்கிட்டே போகும்னு ஆன் கட்லரும் டென்னிஸ் நோரிசும் 1988ல காட்டினாங்க. தமிழ்ல வார்த்தைக்கு வார்த்தை அப்படி ஒரு அழுத்தம் கிடையாது, அதனால நம்ம காதுக்கு எங்க வெட்டணும்னு தெரியாம எல்லாம் ஒரே கயிறா வருது.

ரெண்டாவது பிரச்சனை இன்னும் அடியில இருக்கு. "பாட்டு", "பாத்து", ரெண்டுக்கும் வித்தியாசம் கேக்குதுல்ல? இங்கிலீஷ் மட்டுமே பேசி வளந்த பெரியவங்களுக்கு ட, த ரெண்டையும் பிரிச்சு கேக்குறது படு கஷ்டம். ஆனா அவங்க குழந்தைங்களுக்கு கேக்கும்! ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீசும் 1984ல கனடாவுல இங்கிலீஷ் பேசுற வீட்டு குழந்தைங்களுக்கு இந்தி ட, த போட்டுக் காட்டினாங்க, 6-8 மாச குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்க பிரிச்சு கண்டுபிடிச்சிட்டாங்க, 10-12 மாசத்துல அது போயிடுச்சு. வீட்ல தேவைப்படாத வித்தியாசத்தை மூளை ஒரு வயசு ஆகுறதுக்குள்ளயே கண்டுக்காம விட ஆரம்பிச்சிடுது.

நாமளும் அதே மாதிரி சிலதை கண்டுக்காம விட்டுட்டோம். திராட்சைக் கொடிக்கும் திராட்சை ரசத்துக்கும் இங்கிலீஷ்ல வேற வேற வார்த்தை, நான் இங்க எழுதிக் காட்டுறேன் பாருங்க: வைன், வைன். மாட்டு டாக்டர், ஈரம்: வெட், வெட். நம்ம எழுத்துலயே தெரியாது, ஏன்னா நமக்கு இருக்குறது ஒரே வ. கொடிக்கும் மாட்டு டாக்டருக்கும் மேல்பல்லு கீழ் உதட்டை தொடும், ரசத்துக்கும் ஈரத்துக்கும் உதடு விசில் அடிக்கிற மாதிரி குவியும்.

விட்ட காதை திரும்ப வாங்க முடியுமா? ஓரளவு முடியும். ஜப்பான்காரங்களுக்கு ர, ல குழப்பம் இருக்கும், 1991ல அமெரிக்காவுல லோகன், லைவ்லி, பிசோனி மூணு பேரும் அவங்களுக்கு பல பேரோட குரல்ல, பல வார்த்தைகள்ல ர, ல கேக்க வச்சு பயிற்சி குடுத்தாங்க, முன்னேற்றம் தெரிஞ்சுது. அடுத்து 1993ல ஒரே ஒரு குரலை வச்சு பயிற்சி குடுத்துப் பாத்தா, புதுசா ஒரு குரல் வந்த உடனே அந்த முன்னேற்றம் கைகொடுக்கல. அதனால ஒரே யூட்யூப் வாத்தியாரை வருஷக்கணக்கா கேட்டு "எனக்கு லிசனிங் சூப்பர்"னு நினைக்கிறவங்க (நான்தான்) பரீட்சையில ஸ்காட்லாந்து பாட்டி ஒருத்தங்க பேச ஆரம்பிச்ச உடனே கவுந்துடுறோம். கிழவர், குழந்தை, ஆஸ்திரேலியா, அயர்லாந்துன்னு கலந்து கட்டி கேக்கணும், பிடிக்காத குரலா இருந்தா ரொம்ப நல்லது.

ரைட்டிங் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. 90 நிமிஷத்துல ரெண்டு எழுதணும், ஒவ்வொண்ணும் 220லேர்ந்து 260 வார்த்தை. நான் கொஞ்ச நாள் போன ஒரு கோச்சிங் சென்டர்ல (பேரு வேணாம்) எந்த தலைப்பு வந்தாலும் ஒட்டுற மாதிரி ரெடிமேட் பத்தி நாலை மனப்பாடம் பண்ண வச்சாங்க, சுற்றுச்சூழலுக்கும் அதே ஆரம்பம், வேலைவாய்ப்புக்கும் அதே ஆரம்பம். நாலு விஷயத்துக்கு தனித்தனியா மார்க் போடுறாங்க, அதுல முதல் விஷயமே கேட்ட கேள்விக்கு பதில் சொன்னியாங்கிறதுதான். ரெடிமேட் பத்தி எந்த கேள்விக்கும் பதில் சொல்லாது.

இதெல்லாம் இவ்வளவு சயின்ஸா ஆனது பின்னாடிதான். கேம்பிரிட்ஜோட முதல் இங்கிலீஷ் பரீட்சை 1913ல நடந்துச்சு, சி1க்கும் மேல இப்போ சி2 ப்ரொஃபிஷியன்சின்னு இருக்குற பரீட்சையோட கொள்ளுத்தாத்தா, மொத்தம் 12 மணி நேரம், மொழிபெயர்ப்பு, ஒலியியல், டிக்டேஷன், கட்டுரைன்னு எல்லாம் உண்டு. எழுத வந்தது மூணே பேர், மூணு பேரும் ஃபெயில். என் 8க்கு 3 அதுக்கப்புறம் அவ்வளவு கேவலமா தெரியல.

ஸ்வீட் டப்பா ஆரம்பிச்சு ஏழாவது வாரம் ஒரு பேப்பர்ல திரும்ப "லிட்டில் ____" வந்துச்சு, கை "டிட்"னு எழுதினதுக்கு அப்புறம்தான் ரூல் ஞாபகம் வந்துச்சு. முதல் டப்பா கிட்டத்தட்ட காலி. ஒரே ஒரு அட்டை மட்டும் இன்னும் அங்கயே கிடக்கு, "ஆல்பீயிட்"னு ஒரு வார்த்தை, நான் அதை இத்தனை நாளா "அல்பெய்ட்"னு படிச்சிட்டு இருந்திருக்கேன், ஆடியோல பத்து தடவை வந்திருக்கும், ஒரு தடவை கூட அது இதுதான்னு தெரியல.