ஊட்டியில் ஒரு கன மீட்டர் கேஸ் எவ்வளவு?

சிலிண்டர் வாங்குகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது. மேட்டுப்பாளையத்தில் 14.2 கிலோ என்றால் ஊட்டியிலும் 14.2 கிலோதான். குழாயில் வரும் இயற்கை எரிவாயுவை மட்டும் கன அளவில் விற்கிறார்கள். மலையேறினால் அந்த அளவு ஏமாற்றும்.

வீட்டு கேஸ் மீட்டருக்குள் கொல்லன் துருத்தி மாதிரி பைகள் உண்டு. ஒன்று நிறையும்போது மற்றொன்று காலியாகும். ஒரு சுற்றுக்கு இத்தனை லிட்டர் என்று பற்சக்கரம் எண்ணைத் தள்ளும். பைக்குள் இருக்கும் வாயு நெருக்கமாக இருக்கிறதா, தளர்வாக இருக்கிறதா என்பது துருத்திக்குத் தெரியாது. அதனால்தான் பில் போடுவதற்கு 'ஸ்டாண்டர்ட் கன மீட்டர்' என்று ஓர் அலகு வைத்திருக்கிறார்கள்: 15 டிகிரி செல்சியஸில், 101.3 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் இருக்கும் ஒரு கன மீட்டர்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் ஏறக்குறைய 77 கிலோபாஸ்கல். வீட்டுக்குள் வரும் கேஸின் அழுத்தம் அதற்கு மேல் 21 மில்லிபார், அதாவது 2.1 கிலோபாஸ்கல். மொத்தம் 79. இதை 101.3-ஆல் வகுத்தால் 0.78. வாயுவும் 15 டிகிரியில் இருந்தால், மீட்டர் 10 என்று காட்டும்போது அடுப்புக்கு வந்தது 7.8 தான். மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி வெயிலிலும் இதே கணக்கு சுமார் 9.3 வரும். திருத்தம் செய்யாமல் பில் போட்டால் மலைக்காரர் 7.8-க்குரிய சூட்டுக்கு 10-க்கான பணம் கட்டுவார். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் அமெரிக்காவின் டென்வர் பகுதியில் அழுத்தத் திருத்தம் போட்டு, 'தெர்ம்' என்ற வெப்ப அலகில்தான் பில் வருகிறது. நியாயமும் அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், எரிவாயு எடுக்கும் கிணற்றடியில் இந்தியாவிலும் கேஸை வெப்பத்தில்தான் விற்கிறார்கள். பழைய அரசுத்துறை வயல்களின் கேஸுக்கு 2023 ஏப்ரல் முதல் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம் விலையாக வைத்தார்கள். 10 லட்சம் பிடியூவுக்கு (இதுவும் வெப்ப அலகுதான்) குறைந்தது 4 டாலர், அதிகபட்சம் 6.5 டாலர் என்று தொடங்கியது. அதன்மேல் நெடுந்தூரக் குழாய்க் கட்டணம் ஏறும். அதை நிர்ணயிப்பது 2006-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். போட்ட முதல், பராமரிப்புச் செலவு, முதலுக்கு வரி போக 12 சதவீத வருமானம், இவற்றைக் கூட்டிக் குழாயில் போகும் கேஸின் அளவால் வகுப்பார்கள். வீட்டுக்கு விற்கும் விலையை வாரியம் நிர்ணயிப்பதில்லை. விநியோக நிறுவனமே வைக்கும்.

சிக்கல் அந்த வகுத்தலில் இருக்கிறது. எல்லோரும் சிக்கனமாக எரித்தால் வகுக்கும் எண் சிறுக்கும், யூனிட் கட்டணம் ஏறும். விற்பனை குறைந்தால் நிறுவனத்துக்கும் நஷ்டம். பிறகு அது ஏன் சிக்கனத்தை வளர்க்கும்? கலிபோர்னியா 1978-லேயே கேஸ் நிறுவனங்களின் வருவாயை விற்பனை அளவிலிருந்து பிரித்துவிட்டது. விற்பனை குறைந்து அனுமதித்த வருவாயில் துண்டு விழுந்தால் அடுத்த கட்டணத்தில் சரிக்கட்டுவார்கள், கூடுதலாக வந்தால் திருப்பித் தருவார்கள். நம் நாட்டில் சிக்கனம் தனித் துறையின் வேலை. எரிசக்தித் திறன் வாரியம் அடுப்புக்கு நட்சத்திர முத்திரை தருகிறது. எல்பிஜி அடுப்புக்கு இந்தியத் தரம் கேட்கும் குறைந்தபட்ச வெப்பத்திறன் 68 சதவீதம்.

ஆனால் மலையில் அடுப்பைவிடக் குக்கர்தான் அதிகம் மிச்சம் பிடிக்கும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும். குக்கருக்குள் ஏறக்குறைய 116 டிகிரி கிடைக்கும். சமவெளியில் அது 120 என்பதால் இங்கே ஒரு விசில் கூடுதலாக வையுங்கள்.

சிலிண்டரும் முழு யோக்கியமில்லை. எல்பிஜியில் புரோப்பேன், பியூட்டேன் இரண்டும் உண்டு. மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும் புரோப்பேன் முதலில் அதிகமாகப் போய்விடும், மைனஸ் 0.5-ல் கொதிக்கும் பியூட்டேன் அடியில் தங்கும். உறைபனி விழும் ஜனவரி விடியலில் வெளிக்கொட்டகையில் நிற்கும் சிலிண்டரில் அது சரியாக ஆவியாகாது, அடுப்பு மங்கும். தீர்ந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசும் போச்சு. தராசில் வைத்து, கழுத்தில் பொறித்த வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் காற்றோட்டமுள்ள சமையலறைக்குள் நிமிர்த்தியே வையுங்கள். சாய்த்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் இறங்கி, அடுப்பில் தீ சீறும்.