ஒரு பாட்டுக்கு 750 டாலர்: அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் போடும் கணக்கு

அமெரிக்காவில் பாட்டுக் கோப்புகளை இணையத்தில் பகிர்ந்து மாட்டிக்கொண்டவர் கட்டும் பணத்தை அபராதம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது நஷ்டஈடு. அரசுக்குப் போகாது, பாட்டின் உரிமையாளருக்குத்தான் போகும்.

தொகையைச் சொல்வது பதிப்புரிமைச் சட்டத்தின் 504-வது பிரிவு. ஒரு படைப்புக்குக் குறைந்தது 750 டாலர், அதிகபட்சம் 30,000. தெரிந்தே செய்ததாக முடிவானால் 1,50,000 வரை போகலாம். தவறு என்று தெரியாமல் செய்தவருக்கு 200 டாலராகக் குறைக்க வழி உண்டு. ஆனால் கடையில் விற்ற சிடி உறையில் உரிமைக் குறிப்பு இருந்தால் அந்த வாதம் எடுபடுவது கஷ்டம்.

சட்டம் சொல்லும் இந்தத் தொகையைக் கேட்கும் உரிமையாளர் தன் நஷ்டம் எவ்வளவு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பகிர்ந்து வைத்த பாட்டை எத்தனை பேர் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று யாரால் எண்ண முடியும்?

சரி, நடைமுறையில் என்ன ஆனது? மின்னசோட்டாவில் ஒரு பெண் மீது 24 பாட்டுகளுக்காக இசை நிறுவனங்கள் போட்ட வழக்கு. 2007-இல் ஜூரி விதித்தது 2,22,000 டாலர். மறுவிசாரணையில், 2009-இல், 19,20,000. இது ரொம்பவே அதிகம் என்று நீதிபதி 54,000 ஆக்கினார். நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளாததால் 2010-இல் மூன்றாவது ஜூரி. இந்த முறை 15,00,000. நீதிபதி மறுபடியும் 54,000-க்கு இறக்க, 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய 2,22,000-க்கே கொண்டுபோய் நிறுத்தியது. பாட்டுக்கு 9,250 டாலர். அந்தக் காலத்தில் இணையக் கடையில் ஒரு பாட்டின் விலை ஏறக்குறைய ஒரு டாலர்.

அதே ஆள், அதே 24 பாட்டு, மூன்று ஜூரிக்கு மூன்று தொகை. எனக்கு உறுத்துவது இதுதான். ஜூரி இரக்கப்பட்டு 750-ஐயே போட்டிருந்தாலும் 18,000 டாலர் வந்திருக்கும்.

தொகை மிகையா என்று பார்க்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட அளவுகோல் 1919-இல் வந்த ஒரு தீர்ப்பு. 66 சென்ட் கூடுதல் கட்டணம் வாங்கியதற்கு 75 டாலர் கட்டச் சொன்னது செல்லும் என்றது அது. ஆனால் அங்கே பணம் கட்டியது ஒரு ரயில்வே நிறுவனம்! வீட்டுக் கணினியிலிருந்து பாட்டைப் பகிர்ந்தவரை அதே தராசில் வைப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

இசை நிறுவனங்கள் 2003 முதல் 2008 வரை ஆயிரக்கணக்கானோர் மீது இப்படி வழக்குப் போட்டன. விசாரணை வரை போனவர்கள் வெகு சிலர். மற்றவர்களில் பெரும்பாலோர் 1,50,000 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, சில ஆயிரம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள்.