ஆஸ்ட்ரசிசம்: ஓட்டில் கீறிய பெயர்

கூட்டமாகச் சேர்ந்து ஒருவரை விலக்கிவைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், இலக்கியக் கட்டுரைகளில் அடிக்கடி தட்டுப்படும். வேர், கிரேக்கத்தின் 'ஆஸ்ட்ரகான்'. உடைந்த பானைத் துண்டுக்கும் சிப்பியின் கூட்டுக்கும் அங்கே அதுவே பெயர், நம்முடைய 'ஓடு' போல.

பண்டைய ஏதென்ஸ் நகரத்தார் ஆண்டுக்கொரு முறை கூடி, இவ்வாண்டு எவரையேனும் வெளியேற்றுவதா என்று முடிவு செய்வார்கள். ஆம் என்றால், சுமார் இரண்டு மாதம் கழித்துச் சந்தைத் திடலில் ஆளுக்கொரு ஓட்டில் பெயர் கீறிப் போட வேண்டும். 6000 ஓடு தேவை. பெயர் மிகுந்தவர் 10 நாளில் கிளம்பி, 10 ஆண்டு வெளியே இருக்க வேண்டும். குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை, சொத்தும் பறிபோகாது. முதல்முறை நடந்தது கி.மு. 487இல். அக்ரோபோலிஸ் என்ற ஏதென்ஸ் கோட்டைக் குன்றின் சரிவுக் கிணறு ஒன்றில், அந்நகரின் தலைவர்களில் ஒருவரான தெமிஸ்டோக்ளிஸ் பெயருடன் சுமார் 190 ஓடுகள் கிடைத்தன; எழுதிய கைகளோ 14தான். கள்ள ஓட்டு என்றால் இரு பொருளிலும் பொருந்தும்!

மதுரைக்கு அருகே கீழடியிலும் ஓட்டில் பெயர் உண்டு: ஆதன், குவிரன். ஏதென்ஸில் ஆளைத் தள்ளக் கீறினார்கள். இங்கே பானை இன்னாருடையது என்று சொல்ல.

தமிழில் என்ன சொல்வது? 'புறக்கணிப்பு' தளர்ந்த சொல், தேர்தலையும் புறக்கணிக்கலாம். 'நாடுகடத்தல்' அரசின் வேலை. 'அந்நியமாதல்' மனத்துக்குள் நிகழ்வது, எவரும் தள்ளாமலே நேரலாம். கூட்டம் கூடி ஒருவரை விலக்குவதற்கு 'ஊர்விலக்கு'தான் சரி. பேச்சில் 'தள்ளிவைக்கிறது', 'ஒதுக்கிவைக்கிறது'. 'புறம்' என்று கண்டதும் விலக்கு என்று பாய்ந்துவிடவும் கூடாது. சிலப்பதிகாரத்தில் மதுரையின் புறஞ்சேரி அறவோர் வாழ்ந்த இடம்.

ஆனாலும் ஊர்விலக்கு ஏதென்ஸ் முறையோடு முழுக்க ஒத்துப்போகாது. மதுரைப் பக்கத்தில் தள்ளிவைக்கப்பட்டவர் ஊருக்குள்ளேயே இருப்பார். மணமான ஆணை வைத்துக் குடும்பத்தைத் தலைக்கட்டாக எண்ணி, திருவிழாவுக்கு வரி பிரிப்பார்கள். தள்ளிவைக்கப்பட்டவரிடம் மட்டும் வாங்க மாட்டார்கள். அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது. பேசினால் பேசியவருக்கும் தெண்டம். கெடுவும் கிடையாது. கூட்டத்தில் தெண்டம் கட்டி விழுந்து கும்பிட்ட பிறகே 'சேர்த்துக்கிறது'.

கதையை விமரிசிக்கும்போது அந்தத் திருவிழா வரியைப் பாருங்கள். நீட்டிய பணத்தை ஊர் வாங்க மறுத்தால் அது ஊர்விலக்கு. வாங்கிக்கொண்ட பிறகும் பாத்திரம் திருவிழாக் கூட்டத்தில் ஒட்டாமல் நின்றால், அதற்கு அந்நியமாதல் என்று எழுதுங்கள்.