எர்ரரே வரவில்லை, டெஸ்ட் மட்டும் பாஸ்

ரீஃபண்ட் தொகை பூஜ்யத்துக்குக் கீழே போனால் எர்ரர் த்ரோ ஆக வேண்டும். எங்கள் ஃபங்ஷன் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் கோடைச் சோதிக்கும் ஜெஸ்ட்டில் அதற்கு ஒரு டெஸ்டும் இருந்தது. ஒருநாள் ரீஃபேக்டர் செய்தபோது, அதாவது வேலை மாறாமல் கோடை ஒழுங்குபடுத்தியபோது, யாரோ அந்த இஃப் கண்டிஷனைத் தூக்கிவிட்டார்கள். (யாரோ என்ன, நான்தான்.) டெஸ்ட் பச்சையாகவே ஓடியது.

திறந்து பார்த்தால், ட்ரைக்குள் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, கேட்சுக்குள் எர்ரர் மெசேஜைச் சரிபார்த்திருந்தோம். எர்ரரே வராவிட்டால் கேட்சுக்குள் யார் போவது? சோதனையைச் செய்யும் எக்ஸ்பெக்ட் வரி ஒன்றுகூட ஓடவில்லை. எதுவும் வெடிக்காமல் முடிந்தால் ஜெஸ்ட்டுக்கு அது பாஸ்தான். ட்ரை-கேட்ச் வேண்டியே தீரும் என்றால், டெஸ்டின் முதல் வரியில் எக்ஸ்பெக்ட் டாட் அசர்ஷன்ஸ் போட்டு, எத்தனை சோதனை ஓட வேண்டும் என்று எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

அதைவிட, எக்ஸ்பெக்ட்டோடு சேர்ந்து எர்ரர் வருகிறதா என்று பார்க்கும் டுத்ரோ நல்லது. ஆனால் எக்ஸ்பெக்ட்டுக்குள் ஃபங்ஷனை அப்படியே கூப்பிடக் கூடாது, ஒரு ஆரோ ஃபங்ஷனில் சுற்றித் தர வேண்டும். இல்லையென்றால் எக்ஸ்பெக்ட் வேலையைத் தொடங்கும் முன்பே எர்ரர் வெளியே வந்து டெஸ்ட் விழும். விழுவதால் உடனே தெரிந்துவிடும், பெரிய கவலை இல்லை.

எனக்குக் கவலை, வெறும் அடைப்புக்குறியோடு நிற்கும் டுத்ரோதான். எந்த எர்ரர் வந்தாலும் அதற்குச் சரி. டெஸ்டில் ஆர்டர் ஆப்ஜெக்ட்டைக் கொடுக்க மறந்தீர்கள் என்று வையுங்கள். அன்டிஃபைன்டிலிருந்து (மதிப்பே இல்லாததிலிருந்து) எதையோ படிக்கப் போய் டைப்எர்ரர் வரும், டெஸ்டும் பாஸாகும். தொகையை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதனால் எர்ரர் கிளாஸையோ மெசேஜையோ உள்ளே கொடுங்கள். ஸ்ட்ரிங் கொடுத்தால், மெசேஜின் ஒரு பகுதி ஒத்துப்போனாலே போதும். எர்ரர் ஆப்ஜெக்ட்டையே கொடுத்தால் மெசேஜைத்தான் ஒப்பிடும், எர்ரரின் வகையைப் பார்க்காது. என் ஓட்டு கிளாஸுக்கு. யாராவது மெசேஜில் எழுத்துப்பிழை திருத்தினால் டெஸ்ட் உடைய வேண்டாமே. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடின் அசர்ட் டாட் த்ரோஸில் இன்னொரு பொறி: இரண்டாவதாகத் தரும் ஸ்ட்ரிங்கை அது எர்ரரோடு ஒப்பிடாது. டெஸ்ட் விழுந்தால் காட்ட வேண்டிய வாசகமாக எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் அசிங்க் ஃபங்ஷன்கள். இவை நேரடியாக எர்ரர் வீசாது, ரிஜெக்ட் ஆகும் (தோல்வியில் முடியும்) ப்ராமிஸைத் திருப்பித் தரும். ப்ராமிஸ் என்பது பின்னால் வரப்போகும் முடிவுக்கான ஆப்ஜெக்ட். அதைச் சோதிக்க ஜெஸ்ட்டில் ரிஜெக்ட்ஸ் இருக்கிறது, ஆனால் முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் முன்னால் வேண்டும். அதை விட்டால், சோதனை முடியும் முன்பே டெஸ்ட் பாஸ் என்று கிளம்பிவிடும். கோடை ஓட்டாமலே தவறு தேடும் ஈஎஸ்லின்ட்டின் ஜெஸ்ட் ப்ளகினில் வேலிட்-எக்ஸ்பெக்ட் என்ற விதி இதைப் பிடித்துக்கொடுக்கும்.

இப்போதெல்லாம் எர்ரர் டெஸ்ட் எழுதியதும், த்ரோ வரியை ஓடாதபடி கமென்ட் செய்து ஒருமுறை ஓட்டுகிறேன். சிவப்பு வந்தால்தான் கமிட். அந்த ரீஃபண்ட் ஃபைலில் இருந்த பழைய டெஸ்டுகளையும் இப்படி ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பச்சையாகவே நின்றன. இரண்டிலும் அவெய்ட் இல்லை.