யானை புகுந்த காலையில் வயலைத் தொடாதீர்கள்

தோட்டக்கலைத் துறையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையடிவார வட்டாரங்களில் கழிந்தது. யானையோ காட்டுப்பன்றியோ தோட்டத்தில் புகுந்தால் சேதத்தைப் பார்த்து மதிப்பீடு எழுதித் தருவது எங்கள் வேலைகளில் ஒன்று. அதில் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நிவாரண மனு பெரும்பாலும் முதல் நாள் காலையிலேயே, வயலிலேயே தோற்றுவிடுகிறது.

விடிந்ததும் விவசாயிக்கு மனது பொறுப்பதில்லை. விழுந்த வாழையை வெட்டி ஓரமாகப் போட்டு, தேறிய தாரை மண்டிக்கு அனுப்பிவிட்டு, ஆள் விட்டுத் தோட்டத்தைச் சுத்தம் செய்த பிறகுதான் ஆபீஸ் நினைவு வருகிறது. நாங்கள் போய் நிற்கும்போது அங்கே இருப்பது காலி இடம். எத்தனை மரம், எந்த விலங்கு என்று எதை வைத்து எழுதுவது? பொய் சொல்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அடுத்த மேசையில் கோப்பைத் திறப்பவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

அதனால் முதலில் படம் எடுங்கள். கிட்டத்தில் நின்று ஒரு மரத்தை மட்டும் எடுத்தால் போதாது. கிணற்று மேடு, மின்கம்பம், பக்கத்துத் தோட்டத்து வரப்பு என்று உங்கள் நிலம்தான் என்று அடையாளம் காட்டும் ஏதாவது ஒன்று பின்னணியில் இருக்க வேண்டும். விழுந்த மரங்களை எண்ணி எழுதி வையுங்கள். அப்புறம் வனச்சரக அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றைக்கே எழுத்தில் தகவல் கொடுத்துவிட்டு, நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னேன், வருகிறேன் என்றார்கள் என்பதெல்லாம் பிறகு எங்கும் நிற்காது.

எந்த விலங்கு என்பதற்குத் தடயம் வேண்டும். யானை வந்திருந்தால் சொல்லவே வேண்டாம். வட்டக் கால்தடமும் சாணமும் இருக்கும்; வாழைத் தண்டைப் பிளந்து தின்றிருக்கும்; இளந்தென்னை என்றால் சாய்த்துக் குருத்தை உருவியிருக்கும். காற்றில் விழுந்த வாழை பெரும்பாலும் ஒரே திசையில் சாய்ந்து கிடக்கும், அதை யானைக் கணக்கில் எழுதச் சொன்னால் எந்த அலுவலரும் எழுத மாட்டார். காட்டுப்பன்றி மூக்கால் மண்ணைக் கிளறிப் போட்ட இடம் ஏர் ஓட்டியதுபோல இருக்கும். ஈர மண்ணில் பிளந்த குளம்புத் தடத்துக்குப் பின்னால் பக்கக் குளம்பு இரண்டு சின்னப் புள்ளியாகப் பதிந்திருக்கும். முள்ளம்பன்றி தென்னங்கன்றின் அடியைக் கொறித்திருந்தால் உளி வைத்துச் செதுக்கியதுபோல் பல் தடம் தெரியும், அக்கம்பக்கம் தேடினால் ஒரு முள்ளாவது கிடைக்கும். தடங்களின் மேல் ஆள் நடமாட்டம் வராமல் நாலு குச்சி நட்டு வையுங்கள். பக்கத்தில் அளவுகோலோ தீப்பெட்டியோ வைத்துப் படம் எடுத்தால் இன்னும் நல்லது.

காகிதத்தில் அதிகம் சிக்குவது அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதி வைக்கும் கிராமக் கணக்கு. நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா எல்லோரிடமும் இருக்கிறது. நிலத்தில் வாழை நிற்கும், அடங்கலில் போன பருவத்துச் சோளமோ தரிசோ இருக்கும். பயிர் வைத்ததுமே பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து வைப்பது நல்லது, சேதமான பிறகு ஓடினால் சந்தேகம்தான் வரும். கூட்டுப் பட்டா என்றால் மற்றவர்களின் சம்மதம் கேட்பார்கள். குத்தகைக்கு ஓட்டுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். உழைப்பும் கடனும் அவர்களுடையது, பெயரோ எந்தக் காகிதத்திலும் இருக்காது. இது எனக்கு எப்போதுமே உறுத்தலான விஷயம். எழுத்தில் குத்தகை ஒப்பந்தம் போட நில உரிமையாளரைச் சம்மதிக்க வைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மதிப்பீட்டுக்கு மக்காச்சோளம், நிலக்கடலை என்றால் வேளாண்மைத் துறை. வாழை, மரவள்ளி, காய்கறி என்றால் தோட்டக்கலைத் துறை. மாறிப் போய் நின்றால் ஒரு நாள் வீண்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? நான் பணியில் இருந்தபோது பயிர்ச்சேதத்துக்கு ஏக்கருக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய் என்ற வரம்புக்குள்தான் கணக்குப் போட்டோம். வாழை வைத்தவருக்கு அது உழவு, கன்று, உரச் செலவுக்கே பற்றாது. அரசு தருவது நிவாரணம், சந்தை விலை இல்லை என்று தெரிந்தே மனுப் போடுங்கள். மாடு கன்றைச் சிறுத்தை அடித்திருந்தால் புதைத்துவிடாதீர்கள், கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் கோப்பு நகராது.

பணம் குறைவு, வருவதும் தாமதம் என்ற ஆத்திரத்தில் சிலர் செய்யும் காரியம்தான் பெரிய ஆபத்து: வேலியில் நேரடி மின்சாரம் விடுவது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் 3 பெண் யானைகள் இறந்தன, குட்டிகள் இரண்டு தாயில்லாமல் நின்றன, நிலத்துக்காரர் கைதானார். யானை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது, கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை. மயிலும் அதே அட்டவணைதான், விஷம் கலந்த தானியம் தூவுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இப்படி மின்சாரம் விட்ட கம்பிகளில் இரவு மடை மாற்றப் போன மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

சூரியசக்தி வேலி வேறு. பேட்டரியிலிருந்து எனர்ஜைசர் என்ற கருவி வழியாக விட்டுவிட்டு ஒரு நொடிக்கும் குறைவாகவே அதிர்ச்சி தரும். விலங்கு விலகிப் போகும், சாகாது. ஆனால் 2023இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி அதற்கும் வனத்துறையில் அனுமதியும் பதிவும் தேவை. வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியம் தருவதுண்டு. ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் நிதியாண்டுத் தொடக்கத்திலேயே விசாரியுங்கள். வேலி போட்ட பிறகு அடியில் முளைக்கும் புல்லை வெட்டாமல் விட்டால், கம்பியில் புல் உரசி மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். வேலி இருந்தும் பன்றி வந்துவிட்டது என்று சொன்ன பல தோட்டங்களில் நான் பார்த்தது இதைத்தான்.

காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். அதற்கு அப்பால் தேவைப்பட்டால் வனத்துறையினரே சுடுவார்கள். விவசாயி துப்பாக்கி எடுக்க இதில் இடமில்லை, அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியைத் தீனியில் மறைத்து வைப்பதும் குற்றம்தான். பன்றித் தொல்லை இருந்தால் ஊரார் சேர்ந்து கொடுக்கும் மனுவுக்குத் தனி மனுவைவிடக் கனம் அதிகம்.

கடைசியாகப் பயிர்க் காப்பீடு. விலங்குச் சேதத்தையும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2026 காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக்கால) பருவம் முதல் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. எந்த மாவட்டம், எந்த விலங்கு என்று மாநில அரசு அறிவிக்க வேண்டும், எனவே பிரீமியம் கட்டும்போதே உங்கள் பகுதியும் பயிரும் அதில் வருகிறதா என்று கேளுங்கள். சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், இடக்குறிப்புள்ள படத்தோடு, காப்பீட்டுச் செயலியில் பதிவு செய்ய வேண்டும். கைப்பேசி கேமராவில் இடக்குறிப்பு விழும்படி இன்றைக்கே அமைத்து வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை.