இடிந்த சுவரைத் தண்ணீர் எப்படி வரைகிறது?

வேல்ஸில், வை ஆற்றங்கரையில் டின்டர்ன் மடாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. 1131-ல் எழுந்த மடம் அது. 1536-ல் எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது மூடப்பட்டது. கூரையின் ஈயத்தகடுகளையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் மழையும் கொடிகளும் உள்ளே இறங்கின. 1792-ல் பதினேழு வயது ஆங்கில ஓவியர் டர்னர் அங்கே போய் வரைந்தார். அந்த இடிபாட்டை அவர் தீட்டிய நீர்வண்ணப் படம் ஒன்று 1794-ல் ராயல் அகாடமி கண்காட்சியில் இடம்பெற்றது.

அந்த மாதிரிப் படம் பழக உட்கார்ந்தபோது நான் ஒவ்வொரு கல்லுக்கும் மெல்லிய பிரஷால் கோடு போட்டேன். நேற்றுக் கட்டிய சுவர் போல வந்தது. சுவருக்கு வயதைக் கொடுப்பது காய்கிற தண்ணீர்தான் என்பது புரியவே எனக்குப் பல தாள்கள் ஆயின.

நீர்வண்ணம் என்பது நுண்ணிய நிறத்துகள்களை வேல மரப் பிசினில் குழைத்தது. ஈரத்தாளில் வைத்தால் துகள்கள் தண்ணீரோடு நாலாபக்கமும் பரவி, ஓரம் தெரியாமல் கரையும். தூரத்து மலைக்கு இதுதான் சரி. இடையிலுள்ள காற்று நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் தொலைவு வெளிறி நீலமாகத் தெரிகிறது; அந்த மங்கலை ஈரம் தானாகவே தந்துவிடும்.

சுவருக்குக் காய்ந்த தாள் வேண்டும். மேசையில் சிந்திய காபி காய்ந்ததும் விளிம்பில் மட்டும் கரும்வளையம் நிற்குமே, அதே இயற்பியல்தான் இங்கும். துளியின் ஓரம் தாளின் இழைகளில் பிடித்துக்கொண்டு நகராது. அங்கே ஈரம் வேகமாக ஆவியாகும். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடும், துகள்களையும் இழுத்துக்கொண்டு போகும். 1997-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த ஓட்டத்தை நேச்சர் இதழில் விளக்கினார்கள். இரண்டு கற்களுக்கு நடுவே கருத்த விளிம்பு தானே விழுவது இதனால்தான். கோடே போட வேண்டாம்!

சொரசொரப்பான தாளில் அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்து பூசிப் பாருங்கள். நீலத்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு தாளின் பள்ளங்களில் போய்ப் படியும். பழுப்பு மேடுகளிலும் தங்கும். மழையில் அரித்த கல்லின் புள்ளிகள் அப்படியே கிடைக்கும். பிரஷை மேலும் மேலும் ஓட்டினால் படிந்ததெல்லாம் கலங்கிவிடும், கையை எடுத்துவிடுவது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த நிமிடம். தாளைச் சாய்த்துப் பார்த்தால் ஈரத்தின் பளபளப்பு அப்போதுதான் மறைந்திருக்கும். அங்கே ஒரு சொட்டுச் சுத்தத் தண்ணீர் விட்டால், அது காய்ந்துகொண்டிருக்கும் பக்கமாகப் பாய்ந்து, எதிர்ப்பட்ட துகள்களைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுருள் சுருளான வரம்பாக நிறுத்தும். ஓவியர்கள் இதைக் காலிஃபிளவர் என்பார்கள். வானத்தில் விழுந்தால் படம் கெட்டது. சுவரில் விழுந்தால் பாசி பிடித்த கறை. பளபளப்பு இருக்கும்போதே விட்டால் சொட்டு வெறுமனே கரையும், முழுக்கக் காய்ந்தபின் விட்டால் வரம்பு எழாது.

ஒளிக்கு மட்டும் தண்ணீர் உதவாது. வெளிச்சம் வண்ணப்படலத்தைக் கடந்து வெள்ளைத் தாளில் பட்டு மறுபடி அதே படலம் வழியாகத் திரும்புகிறது. இரண்டு முறையும் கொஞ்சம் உறிஞ்சப்படும். அதனால் டின்டர்னின் பெரிய மேற்குச் சாளரத்துக்குள் தெரியும் வானத்தை நான் தொடுவதே இல்லை. அங்கே இருப்பது வெறும் தாள்.