77இல் நின்ற முள்

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். உயரம் 160 சென்டிமீட்டர், எடை 110 கிலோ, கூடவே சுகர். இப்படி ஒரு பெண் பைபாஸ் வகை எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷனுக்கு முன்பே அவர் மனதில் 60 என்று ஓர் எண் உட்கார்ந்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் இருக்கும் எடை அது. ஒன்றரை வருடம் ஓடுகிறது. சுகர் மாத்திரை நின்றுவிட்டது, மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறார். ஆனால் எடை மிஷின் 77ஐக் காட்டிவிட்டு, இனி இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இவருக்குக் கண் கலங்குகிறது. எதிரே இருக்கும் டாக்டரோ "பிரமாதம்மா" என்கிறார்.

டாக்டர் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. 110இல் 33 கிலோ போயிருக்கிறது, அதாவது 30 சதவீதம். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குப் பொதுவாகக் குறைவதே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படியானால் 60 எங்கிருந்து வந்தது?

கல்யாண ஆல்பத்தை விட்டால், உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ அட்டவணையிலிருந்து. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லே, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்த்தார். அவர் டாக்டர் இல்லை; வானியலும் புள்ளியியலும் அவர் தொழில். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பதுதான் அவர் கேள்வி. அந்தக் கணக்குக்கு பிஎம்ஐ என்ற பெயரை வைத்தவர் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ், 1972இல். ஆசியர்களுக்கு ஒரே பிஎம்ஐயில் ஐரோப்பியர்களைவிடக் கொழுப்பு கூடுதலாக இருப்பதால், நமக்கு 23லிருந்தே எச்சரிக்கை மணி. 160 செ.மீ. உயரத்துக்கு 23 என்றால் 59 கிலோ. ஆக, 60 என்பது லட்சக்கணக்கானவர்களின் சராசரியிலிருந்து போட்ட கோடு. 110 கிலோ வரை போய்வந்த ஓர் உடம்பு எங்கே வந்து நிற்கும் என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

அதைத் தீர்மானிப்பது மூளைக்குள் இருக்கும் ஒரு கறாரான கணக்குப்பிள்ளை. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 1994இல்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. ரத்தத்தில் லெப்டின் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து, கையிருப்புக் கொழுப்பு எவ்வளவு என்று மூளையின் ஹைப்போதலாமஸ் கணக்கு வைத்துக்கொள்கிறது. பட்டினி கிடந்து எடை குறைத்தால் இருப்பு குறைந்துவிட்டதே என்று அது பதறும். பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் என்பவரின் குழு சோதித்தது. அவர்கள் உடம்பு, எதிர்பார்த்ததைவிடத் தினமும் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டை உடம்பு சத்தமில்லாமல் பிடித்தம் செய்கிறது என்று அர்த்தம். வாயைக் கட்டினால் போதும் என்று உபதேசம் செய்பவர்கள் இந்த 2016ஆம் ஆண்டு ஆய்வைக் கொஞ்சம் படிக்கலாம்.

சரி, ஆபரேஷன் என்ன செய்கிறது? 'வயிற்றைச் சின்னதாக்கிவிடுவார்கள், அதனால் சாப்பிட முடியாது' என்பது பாதிக் கதைதான். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியை முட்டையளவு பையாகப் பிரித்து, சிறுகுடலோடு நேராகத் தைத்துவிடுகிறார்கள். சாப்பாடு சீக்கிரமாகக் குடலுக்குள் இறங்குகிறது. உடனே ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் ஏகமாகச் சுரந்து, 'போதும்' என்று மூளைக்குச் சொல்கின்றன. ஸ்லீவ் என்ற இன்னொரு வகையில் இரைப்பையில் முக்கால் பங்கையும் வெட்டி எடுப்பதால், பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் அதோடு போய்விடுகிறது. இரண்டிலும் கணக்குப்பிள்ளையின் பழைய பேரேடு மாறி, புது இருப்பு எழுதப்படுகிறது. அந்த எண்ணை எழுதுவது அவர்தான், நாம் இல்லை.

அதற்கும் கீழே முள்ளை இறக்கியே தீருவேன் என்று சாப்பாட்டை வெட்டினால், போவது கொழுப்பு மட்டுமாக இருக்காது. தசையும் எலும்பின் பலமும் சேர்ந்து போகும். தினம் 60 கிராமாவது புரதம் சாப்பிடுங்கள் என்று டயட்டீஷியன் விரட்டுவது அதனால்தான். அப்புறம், அந்த 77இல் வயிற்றிலும் கையிலும் தொங்கும் தோலுக்கே சில கிலோ இருக்கலாம். எந்த உடற்பயிற்சியும் அதைக் கரைக்காது.

இனி கல்யாண மண்டபத்துக்கு வருவோம். ஆபரேஷனுக்கு முன்னால், "ரெண்டு நாற்காலி போடுங்கப்பா." பின்னால், "என்னம்மா முகமெல்லாம் ஒட்டிப்போச்சு, ஏதாவது வியாதியா?" விஷயம் தெரிந்தவர்கள் என்றால், "அவ்வளவு செலவு பண்ணியும் இவ்வளவுதானா?" இத்தனையும் சொல்லிவிட்டு, பந்தியில் அத்தை ஒரு ஜாங்கிரியை எடுத்து வாயருகே நீட்டுவார்: "நான் ஊட்டினாக்கூட வேண்டாமா?" பைபாஸ் செய்தவருக்கு அந்தச் சர்க்கரை ஒரேயடியாகக் குடலில் இறங்கினால், குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், வயிறு பிசையும். டம்பிங் என்பார்கள். அத்தையின் பாசம் கழிவறை வாசலில் போய் முடியும்.

உருவக்கேலிக்கும் உடலியல் உண்டு. அவமானம் ஒரு மன அழுத்தம். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், இனிப்பிலும் எண்ணெய்ப் பலகாரத்திலும் மனசு போகும். 2013இல் ஏஞ்சலினா சூட்டின், அன்டோனியோ டெர்ராசியானோ இருவரும் 6,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் நான்கு வருடத் தகவல்களை அலசினார்கள். தொடக்கத்தில் பருமனாக இல்லாமல், எடையால் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள், பின்னால் பருமனாகும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. 'நல்லதுக்குத்தானே சொல்றேன்' என்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்கவும். ஆபரேஷன் செய்தவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எடை ஏறியிருக்குமோ என்று கூச்சப்பட்டு மறுபரிசோதனைக்கே போகாமல் விட்டால், இரும்புச்சத்தும் வைட்டமின் பி12உம் குறைவது தெரியாமலே போகும்.

கேலி செய்ய வெளியாள் வேண்டும் என்றுகூட இல்லை. 33 கிலோ குறைந்த பிறகும் பஸ்ஸில் இருக்கைகளுக்கு நடுவே பக்கவாட்டில் திரும்பியே நடப்பவர்கள் உண்டு. உடம்பு இளைத்துவிட்டது, மனதில் இருக்கும் வரைபடம் இன்னும் 110இலேயே இருக்கிறது.

அப்படியானால் இலக்கே வேண்டாமா? வேண்டும். ஆரம்ப எடையை 0.7ஆல் பெருக்குங்கள். 140 கிலோவுக்கு 98 வரும். பைபாஸ் என்றால் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் முள் நிற்கும்; ஸ்லீவுக்குச் சற்று மேலே. அதை வைத்துக்கொண்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் சோதனை, பிரஷர், முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சடைப்பு பற்றியெல்லாம் டாக்டரிடம் பேசுவது பிரயோஜனமாக இருக்கும். 1987இல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு ஆய்வில், இத்தகைய சிகிச்சை செய்துகொண்டவர்கள் சராசரியாக அட்டவணைப்படி பருமனாகவேதான் இருந்தார்கள். ஆனாலும் செய்துகொள்ளாதவர்களைவிட அவர்களிடையே மரணம் குறைவு.

அதே ஆய்வில் பைபாஸ்காரர்களுக்கு முதல் இரண்டு வருடத்தில் சராசரி எடைக்குறைப்பு உச்சமாக 32 சதவீதத்தைத் தொட்டது; பத்தாவது வருடத்தில் 25 சதவீதத்தில் நின்றது. கிடுகிடுவென ஏறினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இப்படி மெல்லக் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததே. நம் பெண்மணி நாலாவது வருடம் 80 கிலோவில் இன்னொரு கல்யாணத்துக்குப் போவார். "மறுபடி போட்டுட்டியேடி" என்பார் அத்தை. 110இல் 25 சதவீதம் போனால் 82.5. ஸ்வீடன் கணக்குப்படி அத்தைக்கு இன்னும் இரண்டரை கிலோ பாக்கி இருக்கிறது.